கொடியின் அடர்த்தி

கொழும்பு வெள்ளவத்தையில் போய்ச் சிவபாதசுந்தரம் மாஸ்ரர் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். அலகு மாஸ்ரர் வீடு என்று கேளுங்கள். சந்தையில் மீன் வெட்டுகிறவன்கூடக் கத்தியை வைத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் கையை நீட்டுவான். உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தவர் அவர். விடை எவ்வளவு சரியாக இருந்தாலும் பக்கத்தில் அலகு எழுதாவிட்டால் அவரிடம் பூச்சியம்தான். "ஐஞ்சு எண்டால் என்ன ஐஞ்சு? ஐஞ்சு மாம்பழமோ, ஐஞ்சு மாட்டு வண்டிலோ?" என்று தாளை எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்துக் கேட்பார். அகப்பட்டவனுக்கு அழுகை வரும், மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும், மாஸ்ரருக்கு மத்தியானச் சோறு செமிக்கும்.

வகுப்பறையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனிதர் அந்தப் பழக்கத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார். கறிக்கு உப்பு அளவாகப் போட்டதாக மனைவி றஞ்சிதம் சொன்னால், "அளவு எண்டால் எவ்வளவு?" என்பார். "உங்கடை வாய் மூடுற அளவு" என்பாள் அவள். தெருவில் யாராவது பத்து நிமிட நடை என்று வழி சொன்னால், "ஆரின்ரை நடையில?" என்று திருப்பிக் கேட்பார். தராசு இரண்டு தசமம்வரை காட்டுகிறது என்றால் அதை நம்பி விடையில் மூன்றாவது தசமம் எழுதுகிறவன் பொய்யன் என்பது அவருடைய வேதம். ஒரு வாசிப்பை நம்பாதே, மூன்று எடு. எடுக்க முன்னர் கருவியில் பூச்சிய வழு இருக்கிறதா என்று பார். இதை வருடாவருடம் ஓதி ஓதி, உலகத்தில் உள்ள வழுவெல்லாம் கருவியில்தான் இருக்கிறது என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார். ஊருக்குத்தானே உபதேசம்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆவணியில் அவருடைய ஒரே மகள் அருந்ததிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கேதீஸ்வரன் கனடாவில் இருந்தான். சண்டை நடக்கிற காலத்தில் யாழ்ப்பாணம் போய்த் தாலி கட்ட வழியில்லை; எல்லா வெளிநாட்டு மாப்பிள்ளைகளையும் போல அவனும் கொழும்புக்கு வந்து, கல்யாண ஹோல் ஒன்றில் தாலியைக் கட்டி, லீவு முடியத் திரும்பிப் போனான். ஸ்பொன்சர் அலுவல் சரிவரும்வரை அருந்ததி தாய் தகப்பனோடு வெள்ளவத்தை ஃபிளாட்டிலேயே இருந்தாள். மாப்பிள்ளையின் தாய் நாகேஸ்வரி உரும்பிராய்க்காரி. புருஷன் ஷெல் விழுந்து செத்துப்போக, இடப்பெயர்வில் வன்னிக்குப் போய், அங்கிருந்து வெளிக்கிடப் பாஸ் எடுத்துக் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தார்.

எங்கள் ஆட்களில் தாலிக்கொடி போடவேண்டியது மாப்பிள்ளை வீட்டார். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பந்தலில் இருக்கிற பெண்கள் கொடியைக் கண்ணாலேயே நிறுத்துவிடுவார்கள். அருந்ததிக்கு விழுந்தது பதினொரு பவுண் கொடி, நெருக்கமாகப் பின்னிய வேலை. றஞ்சிதம் அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள். பாரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிறம்தான் கொஞ்சம் செம்பு அடிக்கிறது என்று அவளுக்குப் பட்டது. எந்தக் கடையில் செய்வித்தது என்று சம்பந்தியிடம் கேட்டாள். நாகேஸ்வரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "தெரிஞ்ச பத்தர் ஒராள்" என்றார். எந்தப் பத்தர், எந்தத் தெரு என்பதற்குப் பதில் வரவில்லை.

அந்தப் பதில் வராததுதான் வினையாகப் போயிற்று. றஞ்சிதம் வெங்காயம் உரித்தாலும் அதே கதை, உடுப்பு மடித்தாலும் அதே கதை. "பவுண் நல்லதெண்டால் கடைப் பேரைச் சொல்ல என்ன வெட்கம்? கனடா மாப்பிள்ளை எண்டு எங்களை ஏமாத்திப் போட்டினம்." நகைக்கடைக்குக் கொண்டுபோய் உரைத்துப் பார்க்கலாம்தான். ஆனால் வெள்ளவத்தையில் ஒரு கடைக்குள் போன கதை அடுத்த நாள் ரொறன்ரோவில் நிற்கும். கடைசியில் ஒருநாள் அவள் புருஷனைப் பார்த்துக் கேட்டாள்: "பௌதிகம் பௌதிகம் எண்டு ஊரெல்லாம் முழக்கிறியள். ஒரு கொடி நல்ல பவுணோ கலப்படமோ எண்டு பாக்க உங்கடை பௌதிகத்தில வழியில்லையோ?"

மாஸ்ரருக்கு அது சுரீர் என்றது. வழியில்லையாவது! பொருளைக் காற்றில் நிறுக்கவேண்டும், பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுக்கவேண்டும். தண்ணீருக்குள் எவ்வளவு குறைகிறதோ அதிலிருந்து பொருளின் கனவளவு தெரியும். நிறையைக் கனவளவால் பிரித்தால் அடர்த்தி. பவுண் பாரமான சாதி. மற்ற உலோகம் கூடக்கூட அடர்த்தி இறங்கும். இருபத்திரண்டு கரட் என்றால் பதினேழரைக்கு மேல் வரவேண்டும், பதினெட்டுக் கரட் என்றால் பதினைந்தரைப் பக்கம் நிற்கும். கொடியில் ஒரு கீறல்கூட விழாது.

அருந்ததி கொடியைக் கோயிலுக்குப் போகும்போது மட்டும் போடுவாள். தெருவில் அறுத்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்ற பயத்தில் மற்ற நாட்களில் அது அலுமாரியில்தான் கிடக்கும். ஒரு சனிக்கிழமை, மகளுக்குச் சொல்லாமல், மாஸ்ரர் அதை இடியப்பப் பார்சலுக்குள் வைத்துப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனார். வழியில் செக்பொயின்ற். ஆமிக்காரன் பையைத் தட்டி, "மொகத மே?" என்று, என்ன இது எனச் சிங்களத்தில் கேட்டான். "கேம மாத்தயா, கேம", சாப்பாடுதான் ஐயா என்று, மகனாக இருக்கக்கூடிய வயதுப் பொடியனிடம் குழைந்தார். அவன் பார்சலை மோந்து பார்த்தான். சம்பல் வாசம் மூக்கில் ஏறியிருக்கவேண்டும், போகச் சொல்லிக் கையை அசைத்தான்.

ஆய்வுகூடத்தில் ஆளில்லை. தராசின் பூச்சிய வழுவைப் பார்த்தார், இல்லை. காற்றில் நிறுத்தார். நூலில் கட்டி முகவைத் தண்ணீருக்குள் இறக்கி நிறுத்தார். பிரித்தார். பதினைந்து தசம் ஏழு ஒன்பது இரண்டு, கன சென்ரிமீற்றருக்குக் கிராம். அலகு எழுத மறக்கவில்லை. தன்னுடைய வேதப்படி எழுதக்கூடாத மூன்றாவது தசமத்தையும் எழுதினார். இரண்டாவது வாசிப்பு எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், முதல் வாசிப்பே அவர் கேட்க விரும்பியதைச் சொல்லிவிட்டது. வேறு காரணம் ஒன்றுமில்லை.

எண்ணைக் கேட்ட றஞ்சிதத்துக்கு ஆத்திரமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. சமயம் பார்த்துக் கேட்பது என்று இரண்டு பேரும் தீர்மானித்தார்கள். சமயம் தீபாவளியோடு வந்தது.

மருமகளின் முதல் தீபாவளி. நாகேஸ்வரி கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு சேலையும் தன் கையால் சுட்ட பயத்தம் பணியாரமும் கொண்டுவந்தார். பக்கத்து ஃபிளாட்டிலிருந்து இரண்டு பெண்கள் வந்து இருந்தார்கள். அருந்ததி கொடியைப் போட்டுக்கொண்டு தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"இண்டைக்கெண்டாலும் சொல்லுங்கோ சம்பந்தி, கொடி எங்கை செய்வித்தனீங்கள்?" என்று றஞ்சிதம் தொடங்கினாள்.

"நல்ல பவுண்தான் தங்கச்சி. நான் சொல்லுறன், நம்புங்கோ."

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பில் தாளைத் தூக்கிக் காட்டுவதற்கு முன்னரும் அவர் அப்படித்தான் செய்வார். "நம்பிறதுக்கு இதில ஒண்டுமில்லை. அளந்து பாக்கிற விஷயம் இது. நான் அளந்தும் பாத்தனான். பதினேழரைக்கு மேலை நிக்கவேணும். இது பதினைஞ்சு தசம் ஏழு ஒன்பது இரண்டு. பதினெட்டுக் கரட் எண்டு வையுங்கோ."

அருந்ததி திரும்பிப் பார்த்தாள். "என்னப்பா சொல்லுறியள்? எப்ப அளந்தனீங்கள்?"

நாகேஸ்வரிக்குத் தசமம் விளங்கவில்லை. சொன்ன விதம் விளங்கியது. பக்கத்து ஃபிளாட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தார். "என்ரை மோன் கள்ளப் பவுண் போட்டவன் எண்டு சொல்லுறியளோ மாஸ்ரர்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. எண் சொல்லுது."

அந்த மனிசி யாருடைய முகத்தையும் பாராமல் சொன்னார்: "அது என்ரை கொடி. முப்பது வருஷம் என்ரை கழுத்தில கிடந்தது. அவர் செத்த பிறகு கழட்டினது. கிளாலிக் கடலால வள்ளத்தில வரேக்கை இடுப்பில கட்டிக்கொண்டு வந்தனான். அதைத்தான் உருக்கிப் புதுசாய்ப் பின்னுவித்தனான். வேறை பவுணுக்கு நான் எங்கை போறது? என்ரை மோன் ஆரையும் ஏமாத்தேல்லை."

றஞ்சிதம்தான் முதலில் வாயைத் திறந்தாள். "தாலியறுத்த கொடியையோ என்ரை பிள்ளையின்ரை கழுத்தில போட்டனீங்கள்?" என்று எழும்பி, மகளின் கழுத்திலிருந்து கொடியைத் தானே கழற்றினாள். அருந்ததி "அம்மா, விடுங்கோ" என்று தடுக்கப் பார்த்தாள். நாகேஸ்வரி தேத்தண்ணீரைத் தொடாமல் எழும்பிப் போனார். பணியாரப் பெட்டி மேசையில் கிடந்தது. கொடி அலுமாரிக்குள் போய்ப் பூட்டுப்பட்டது, திறப்பு றஞ்சிதத்தின் இடுப்புக்குப் போயிற்று. புதுக் கொடி செய்து போட்டுத்தான் பிள்ளையைக் கனடாவுக்கு அனுப்புவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். கேதீஸ்வரன் ஒருமுறை ரெலிபோன் எடுத்தான். "என்ரை அம்மாவை நாலு பேருக்கு முன்னாலை தலைகுனியப் பண்ணிப் போட்டியள்" என்று மனைவியிடம் சொன்னான். அதற்குப் பிறகு அவனுடைய ரெலிபோன் வரவில்லை. அருந்ததி மணி அடிக்கும்போதெல்லாம் எழும்புவாள்.

மாஸ்ரருக்கு மனதுக்குள் குறுகுறுத்ததுதான். ஆனாலும் கையில் எண் இருந்தது. பழைய கொடி நல்லதாக இருந்திருக்கும், உருக்கின பத்தர் கலப்படம் செய்திருப்பான், பாவம் அந்த மனிசியை ஏமாற்றியிருப்பான் என்று ஒரு கதை கட்டித் தன்னைத் தேற்றிக்கொண்டார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பது இதுதான்.

அடுத்த மாதம் புது வகுப்புக்கு அதே செய்முறை வந்தது. மேசை மேசையாக நடந்துகொண்டு, இருபது வருடமாகச் சொல்லிவந்த வசனத்தைச் சொன்னார்: "பொருளைத் தண்ணிக்குள்ளை விட்ட உடனை வாசிப்பு எடுக்கப்படாது. காத்துக் குமிழி ஒட்டியிருக்கும். அதைப் போக்காமல் எடுத்தால் கனவளவு கூடும், அடர்த்தி..." அவ்விடத்தில் நின்றுவிட்டார். "குறையும் சேர்" என்று முன்வாங்கிலிருந்து யாரோ முடித்துவைத்தார்கள். மாஸ்ரர் தலையாட்டினார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் அலகு எழுதாத தாள்களுக்கும் புள்ளி போட்டதாகப் பிள்ளைகள் பிறகு கதைத்துக்கொண்டார்கள்.

இறுக்கிப் பின்னிய கொடி. ஒவ்வொரு பின்னலுக்குள்ளும் காற்று. கடைசி வாங்கில் இருக்கிற மக்குக்கும் தெரிந்த விஷயம் அது.

வீட்டுக்கு வந்து றஞ்சிதத்திடம் திறப்பைக் கேட்டார். "என்னவெண்டாலும் செய்யுங்கோ, பிள்ளையின்ரை கழுத்தில அது ஏறாது" என்று சொல்லித்தான் கொடுத்தாள். இந்தமுறை மகளுக்குச் சொல்லிவிட்டுக் கொண்டுபோனார். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டார். நூலில் கட்டிய கொடியை இறக்கி மெல்ல உலுப்பினார். அரிசி களையும்போது வருவதுபோலக் குமிழிகள் கிளம்பி வந்தன, நிற்காமல் வந்தன. எல்லாம் போனபிறகு நிறுத்தார். மூன்று தரம் நிறுத்தார், நாலாந்தரமும் நிறுத்தார். பதினேழு தசம் ஏழு. ஒரு தசமத்தோடு நிறுத்திக்கொண்டார். நல்ல பவுண்.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கத்தை மாஸ்ரர் அதற்கு முன் அறிந்ததில்லை. காது இரண்டும் சுட்டன. பிழைவிட்ட வெட்கம் பாதிதான். பிழை எந்தக் கருவிக்கும் வரும். மாப்பிள்ளையின் தாய் ஏழை, அகதி, கடைப் பேர் சொல்லத் தெரியாதவர் என்று அவர் மனம் முதலே நிறுத்து வைத்திருந்தது. தராசு அதற்குப் பிறகுதான் வந்தது. இதை இன்னொருவர் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். சொன்னது அவர்தான், அவருக்குத்தான், அதனால் ஓட இடமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்கு வெளிக்கிட்டார். வாசலில் அருந்ததி வந்து பிடித்தாள்.

"அப்பா, மாமியிட்டை ஒண்டு சொல்லுங்கோ. அந்தக் கொடியை நான் போடுவன். அம்மா கத்தினாலும் போடுவன், போட்டுக்கொண்டுதான் பிளேன் ஏறுவன். முப்பது வருஷம் கழுத்தில கிடந்ததை அவ எனக்குத் தந்திருக்கிறா. அதை மாத்தமாட்டன். சொல்லுவியள்தானே?"

"ஓம் பிள்ளை."

"மறக்காமல் சொல்லுங்கோ. மற்றதெல்லாம் பிறகு."

பின்னறை சின்னது. ஒரு கட்டில், ஒரு குக்கர், மூலையில் இரண்டு சூட்கேஸ். நாகேஸ்வரி ஸ்ரூலைச் சேலைத் தலைப்பால் துடைத்து அவரை இருத்தினார். மாஸ்ரர் பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு வந்ததைச் சொன்னார். வழு தன்னுடையது, குமிழியைக் கவனிக்கவில்லை, திரும்ப நாலு தரம் அளந்தேன், மன்னிக்கவேணும்.

"இப்ப எவ்வளவாம்?" என்றார் நாகேஸ்வரி.

"பதினேழு தசம் ஏழு."

"அது நல்லதோ?"

"நல்லது. நல்ல பவுண்."

"எனக்கு அது தெரியும்தானே மாஸ்ரர்" என்று, அவருக்கு நோகாமல் சொன்னார். பிறகு சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டார்: "பிள்ளை கொடியைப் போடுறவளோ?"

மாஸ்ரர் உண்மையைச் சொன்னார். "இல்லை. றஞ்சிதம் உள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டா."

நாகேஸ்வரி தலையாட்டினார். "அதுக்காகத்தான் நான் சொல்லாமல் விட்டனான். சொன்னால் போடவிடமாட்டினம் எண்டு தெரியும். அண்டைக்கும் நான் வாயை அடக்கியிருக்கவேணும். என்னைக் கள்ளி எண்டு நினைச்சாலும் பிள்ளை கொடியோடை இருந்திருப்பாள். மோனைச் சொன்ன உடனை எனக்குப் பொறுக்கேல்லை. நீங்கள் குறை நினையாதேங்கோ."

மன்னிப்புக் கேட்கப் போனவரிடம் அந்த மனிசி மன்னிப்புக் கேட்டார். மாஸ்ரர் வாசலில் கழற்றிவிட்ட தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சொல்லிவிட்டது நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் அந்த முகம் எப்படி மலரும் என்று அவருக்குத் தெரியும். சொன்னால் வீட்டில் றஞ்சிதம் எப்படி நிற்பாள் என்பதும் தெரியும். அவர் அந்தத் தராசில் நிறுத்துக்கொண்டிருக்கும்போதே நாகேஸ்வரி தொடர்ந்தார்.

"ஒண்டு செய்யுங்கோ. அதைக் கடையில குடுத்துப்போட்டு, சம்பந்திக்கு விருப்பமான மாதிரிப் புதுசு வாங்குங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன். கேதீசுக்கும் நானே சொல்லுறன், கோவிக்கமாட்டான். பிள்ளையள் சந்தோஷமாய் இருந்தால் காணும்."

மாஸ்ரருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. வீட்டில் சண்டை இல்லை, மருமகன் கதைப்பான், எல்லாம் சுமுகம். அந்த நிம்மதி வந்ததே, அதைத்தான் அவரால் பிறகு மன்னிக்க முடியவில்லை. வந்ததோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவர் வாயைத் திறந்து, "நல்லது, அப்பிடியே செய்வம்" என்றார். கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்தார். நாகேஸ்வரி ஒழுங்கை முடக்குவரை கூடவந்து, பஸ் எங்கே நிற்கும் என்று காட்டிவிட்டார்.

வெள்ளவத்தைக்கு வந்து சேர, கதவைத் திறந்தது றஞ்சிதம். "என்னவாம்?"

"சம்மதமாம். குடுத்துப்போட்டுப் புதுசு செய்யட்டாம்."

"பாத்தியளே! நல்ல மனிசி. நான் முதலே சொன்னனான்" என்று றஞ்சிதம் சந்தோஷமாகக் குசினிக்குள் போனாள்.

அருந்ததி அறை வாசலில் நின்றாள். "நான் சொன்னதைச் சொன்னியளோ அப்பா?"

"அவவே சொல்லிப்போட்டா பிள்ளை, தனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை எண்டு..."

"நான் கேட்டது அதில்லை."

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் துணி தேடி, சேட்டுப் பையைத் தடவினார். மகள் போகாமல் நின்றாள். குசினியில் றஞ்சிதம் எந்தக் கடையில் செய்வது என்று சத்தமாக யோசித்துக்கொண்டிருந்தது இருவருக்கும் கேட்டது.

"சொல்லேல்லை" என்றார்.